பம்பில் வரும் ஃபுளோரைடும் பல்லில் இருக்கும் ஃபுளோரைடும்: ஆய்வுத் திட்டத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்

கேள்வி: கல்லாறு

தருமபுரி மாவட்டக் குடிநீர் ஃபுளோரைடு பற்றி முனைவர் பட்ட ஆய்வு. பதிவு வேதியியல் துறையில், இணை நெறியாளர் சமூகவியல் துறை. தற்போதைய திட்டம்:

20 ஊர், ஊருக்கு 20 பிள்ளைகள் (வயது 12 முதல் 15), மொத்தம் 400 பேர். ஒவ்வொரு ஊரிலும் அடிபம்பிலிருந்து ஒரு தண்ணீர் மாதிரி. ஃபுளோரைடு மிகுந்ததால் பிள்ளைகளின் பல்லில் வரும் பாதிப்பை (ஃபுளோரோசிஸ்) டீன் குறியீட்டில், அதாவது பாதிப்பு எவ்வளவு என்ற படிநிலையில், மதிப்பிட ஒரு பல் மருத்துவர். வீட்டில் 40 கேள்வி கொண்ட வினாத்தாள். கடைசியில் தண்ணீரின் ஃபுளோரைடு அளவுக்கும் பல் மதிப்பெண்ணுக்கும் ஒட்டுறவு (ஒன்று ஏறினால் மற்றதும் ஏறுகிறதா என்று) பார்ப்பது.

கேட்க வேண்டியவை மூன்று. ஃபுளோரைடை ஸ்பாண்ட்ஸ் முறையில் (சாயத்தின் நிறம் வெளுப்பதை வைத்து) அளந்தால் போதுமா, ஃபுளோரைடு மின்முனை வாங்கியே ஆக வேண்டுமா? 400 பேர் போதுமா? வினாத்தாளில் எதை விட்டால் பிறகு வருத்தப்படுவேன்? வேதியியல் பக்கம் "மாதிரியைக் கூட்டு" என்கிறார்கள், சமூகவியல் பக்கம் "பேட்டியைக் கூட்டு" என்கிறார்கள். இரண்டுக்கும் கையில் காசு இல்லை.

பதில்: சோதனைக்குழாய்

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். மின்முனையே வாங்குங்கள்.

ஸ்பாண்ட்ஸ் தப்பான முறை இல்லை. ஆனால் அதன் வரம்பு சுமார் 1.4 மி.கி./லி. வரைதான். உங்கள் பகுதிப் போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீர் பாதிக்குமேல் அதைத் தாண்டலாம், ஒவ்வொன்றையும் நீர்த்து அளக்க வேண்டிவரும், நீர்த்தலில் வரும் பிழையும் கூடவே பெருகும். இன்னொன்று, அலுமினியம். லிட்டருக்கு 0.1 மி.கி. அலுமினியம் இருந்தாலே அளவு குறைவாகக் காட்டும். படிகாரமும் சுண்ணாம்பும் போட்டு ஃபுளோரைடை நீக்கும் நல்கொண்டா முறைத் தண்ணீரை ஸ்பாண்ட்ஸில் அளந்தால், "சுத்திகரிப்பு பிரமாதம்" என்று பொய்யான முடிவு வரும்.

மின்முனையில் எல்லாமே இடையகக் கரைசலில்தான் இருக்கிறது. அந்த இடையகக் கரைசலான டிசாப்பைக் கடையில் வாங்க வேண்டாம், செய்துகொள்ளலாம்: சுமார் 500 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் 57 மி.லி. பனி அசிட்டிக் அமிலம், 58 கிராம் சோடியம் குளோரைடு, 4 கிராம் சி.டி.டி.ஏ. பீக்கரைக் குளிர்நீரில் வைத்து, 6 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடை மெதுவாக விட்டு பிஎச் 5.3க்கும் 5.5க்கும் நடுவில் கொண்டுவந்து, 1 லிட்டராக்குங்கள். ஹைட்ராக்சைடு ஏறக்குறைய 125 மி.லி. பிடிக்கும். பிஎச் அதற்குக் கீழே போனால் ஃபுளோரைடு எச்எஃப் (ஹைட்ரஜன் ஃபுளோரைடு) ஆகி மின்முனைக்குத் தெரியாமல் போகும், மேலே போனால் ஹைட்ராக்சைடு அயனியையே ஃபுளோரைடு என்று எண்ணிக்கொள்ளும். சி.டி.டி.ஏ. எதற்கு என்றால், அலுமினியமும் இரும்பும் பிடித்து வைத்திருக்கும் ஃபுளோரைடை விடுவிக்க.

தரக் கரைசல்: உலர்த்திய சோடியம் ஃபுளோரைடு 221.0 மி.கி. ஒரு லிட்டரில், அது 100 மி.கி./லி. அதை நீர்த்து 0.5, 1, 2, 5, 10 மி.கி./லி. கரைசல்கள். மாதிரியும் டிசாப்பும் சரிபாதி. குறைந்த செறிவிலிருந்து கூடியதற்குப் போங்கள். கிளறிக்கொண்டே 3 நிமிடம் விட்டு மில்லிவோல்ட் எழுதுங்கள். செறிவு பத்து மடங்கானால் மில்லிவோல்ட் மாறும் அளவு (சாய்வு) 54இலிருந்து 60 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும், 25 டிகிரியில் கோட்பாட்டு மதிப்பு 59.2. அதற்குக் கீழே இறங்கினால் முதலில் தரக் கரைசலைச் சந்தேகப்படுங்கள், அப்புறம் மின்முனையை.

அடிக்கடி கெடுவது வெப்பநிலையால். காந்தக் கிளறி சூடாகும், பீக்கரும் கூடவே சூடாகும், அளவு நகர்ந்துகொண்டே இருக்கும். பீக்கருக்கு அடியில் ஒரு துண்டு தெர்மாகோல் வையுங்கள். ஐஸ் பெட்டியில் வந்த மாதிரியை அறை வெப்பத்துக்கு வராமல் அளக்காதீர்கள்.

பாட்டில் பாலித்தீன்தான், கண்ணாடி வேண்டாம். உலோகங்களுக்கு எடுக்கும் பாட்டிலில் நைட்ரிக் அமிலம் விடுவீர்கள் அல்லவா, அந்தப் பாட்டிலில் ஃபுளோரைடு அளக்காதீர்கள். இரண்டு பாட்டில் தனித்தனியே. அமிலம் விடாத மாதிரி 28 நாள் தாங்கும். அடிபம்பில் எடுக்கும்போது முதலில் அடித்து ஊற்றிவிட்டு, மின்கடத்துத்திறன் அசையாமல் நின்றபின் பிடியுங்கள்.

பிஎச், கடத்துத்திறன், காரத்தன்மை மூன்றும் களத்திலேயே. கால்சியமும் சோடியமும் சேர்த்து அளந்தால் விளக்கம் கிடைக்கும்: கால்சியம் குறைந்து, சோடியம் பைகார்பனேட் மிகுந்து, பிஎச் ஏறிய தண்ணீரில்தான் ஃபுளோரைடு தங்கும். கால்சியம் நிறைய இருந்தால் கால்சியம் ஃபுளோரைடாகப் படிந்துவிடும்.

பதில்: வெண்பல்

தண்ணீர் அளப்பதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று திட்டத்தில் இருக்கிறது. யாரும் சொல்வதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்.

பல் எனாமல் உருவாகும் காலத்தில் உள்ளே போன ஃபுளோரைடுதான் பல்லில் தெரியும். நிலையான மேல் முன்பற்களுக்கு மிகவும் முக்கியமான காலம் பிறந்து முதல் 3 வயது வரை. கடைவாய்ப் பல் வரை சேர்த்துப் பார்த்தாலும் 8 வயதோடு கதை முடிந்தது. ஆகவே 14 வயதுப் பெண்ணின் முன்பல் சொல்வது 11 முதல் 14 வருஷத்துக்கு முந்தைய தண்ணீரை. நீங்கள் பம்பில் பிடிப்பது இன்றைய தண்ணீர். இரண்டையும் ஒட்டுறவு பார்த்தால் என்ன வரும்?

மற்ற மாவட்டமாக இருந்தால் "நிலத்தடி நீர் அப்படியே இருந்திருக்கும்" என்று ஊகிக்கலாம். தருமபுரியில் அது நடக்காது. காவிரித் தண்ணீரை ஊர்களுக்குக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கியது. அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தடுப்பு உண்டு. ஒரே ஊரில் அண்ணன் போர் தண்ணீர் குடித்து வளர்ந்திருப்பான், தங்கை காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்திருப்பாள். இதைக் கண்டுகொள்ளாவிட்டால், இன்று நல்ல தண்ணீர் வரும் ஊரில் காவிப் பல் நிறைய இருப்பதாகவும், உங்கள் கருதுகோள் தலைகீழானதாகவும் தெரியும்.

பல் பார்ப்பதில் சில:

டீன் என்றால் பல்லை உலர்த்தாமல் இயற்கை வெளிச்சத்தில். டி.எஃப். (தில்ஸ்ட்ரப்–ஃபெயர்ஸ்கோவ்) என்ற இன்னொரு குறியீடு என்றால் உலர்த்திய பிறகு. இரண்டையும் கலக்காதீர்கள். உலர்த்தினால் மெல்லிய வெள்ளைக் கோடு எல்லாம் தெரிய ஆரம்பித்து "மிக லேசானது" எண்ணிக்கை ஏறிவிடும். டீனில் மிகவும் பாதித்த இரண்டு பற்களைப் பார்க்க வேண்டும், இரண்டும் சமமாக இல்லாவிட்டால் குறைவாகப் பாதித்ததன் மதிப்பெண்.

ஒரே ஒரு பல்லில் மட்டும் வெள்ளைத் திட்டு இருந்தால் அது பெரும்பாலும் ஃபுளோரோசிஸ் இல்லை, பால்பல்லில் பட்ட அடியோ சீழோ காரணமாக இருக்கும். ஃபுளோரோசிஸ் இரு பக்கமும் ஜோடியாக வரும். ஈறு ஓரத்துச் சுண்ணாம்பு வெள்ளை சொத்தையின் தொடக்கம்.

மருத்துவருக்கு அந்த ஊர்த் தண்ணீர் அளவு தெரியக்கூடாது. தெரிந்தால் கண் தானாகக் காவியைத் தேடும். ஒருவர் மட்டுமே பார்த்தாலும், பத்தில் ஒரு பிள்ளையை மறுநாள் திரும்பப் பார்த்து எடையிட்ட கப்பா (இரண்டு முறை கொடுத்த மதிப்பெண்ணும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற எண்) கணக்கிடுங்கள். 0.6க்குக் கீழே வந்தால் களத்தை நிறுத்திவிட்டுப் புகைப்படங்களோடு மறுபடி பயிற்சி.

பதில்: திண்ணை

வெண்பல் சொன்னதுக்குத்தான் வினாத்தாள். 40 கேள்வியில 30ஐ வெட்டுங்க, மிச்ச பத்து இடத்துல பிள்ளை வளர்ந்த கதையைக் கேளுங்க.

"எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?"ன்னு கேட்டா "ஒகேனக்கல் தண்ணிதான்"னு பதில் வரும். மரியாதையான பதில் அது. அதுக்குப் பதிலா, "நேத்து காலையில எந்திரிச்சதுல இருந்து ராத்திரி வரைக்கும் பிள்ளை எங்கெங்க தண்ணி குடிச்சான்?"னு கேளுங்க. அப்பத்தான் பள்ளிக்கூடத் தொட்டி, பாட்டி வீட்டு போர், கடை டீ எல்லாம் வெளிய வரும். குடத்தையும் சொம்பையும் எடுத்துக் காட்டச் சொல்லி அளவுக் குவளையால அளங்க. "ரெண்டு சொம்பு"ங்கறது வீட்டுக்கு வீடு மாறும்.

குடிக்கிற தண்ணியும் சமைக்கிற தண்ணியும் தனித்தனிக் கேள்வி. குடிக்க கேன் தண்ணி வாங்குற வீட்டுல சோறு ஆக்குறது போர் தண்ணியாவே இருக்கும். கஞ்சி வடிக்கிற சோத்துல கொஞ்சம் ஃபுளோரைடு வடிநீரோட போயிடும். களி கிண்டுனா ஊத்துன தண்ணி அவ்வளவும் உருண்டைக்குள்ளதான். கேழ்வரகுக் களி சாப்பிடுற பகுதியில இதைக் கேக்காம விடறது பெரிய தப்பு. தேயிலைச் செடியே ஃபுளோரைடைச் சேத்து வைக்கிற செடிங்கறதால டீயும் ஒரு கேள்வி.

அப்புறம், பிள்ளை எங்க பிறந்துச்சுங்கறதைவிட முதல் 3 வருஷம் எங்க இருந்துச்சுங்கறதுதான் வேணும். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போறது நம்ம வழக்கம், அஞ்சு மாசம் ஆறு மாசம் அங்கேயே இருந்துடுவாங்க. செங்கல் சூளைக்கோ திருப்பூர், பெங்களூருக்கோ போய் வந்த குடும்பம்னா அந்த வருஷங்கள் வேற தண்ணி. தாய்ப்பால்ல ஃபுளோரைடு ரொம்பக் குறைவு. பால் பவுடரைப் போர் தண்ணியில கரைச்சுக் குடுத்திருந்தா அப்படியே உள்ள போயிருக்கும். எத்தனை மாசம் தாய்ப்பால், எந்தத் தண்ணியில பவுடர், கட்டாயம் கேளுங்க.

வருஷம் கேட்டா யாருக்கும் நினைவு இருக்காது. ஒரு நீளத் தாள்ல கட்டம் போட்டு, பிள்ளை பிறப்பு, தடுப்பூசி அட்டை, பால்வாடி சேர்ந்தது, வீடு மாறினது, ஊருக்கு ஒகேனக்கல் தண்ணி வந்ததுன்னு குறிச்சுக்கிட்டே வந்தா வருஷம் தானா விழும். தண்ணி எந்த மாசம் வந்துச்சுங்கறதை அம்மாகிட்ட கேக்காதீங்க, பஞ்சாயத்து தொட்டி ஆபரேட்டர்கிட்ட கேளுங்க. அவர்கிட்டயே இன்னொண்ணும் கேளுங்க: காவிரித் தண்ணி வராத நாள்ல அதே மேல்நிலைத் தொட்டியில போர் தண்ணி ஏத்துறாங்களா? ஏத்தற ஊர்ல குழாய்த் தண்ணியோட ஃபுளோரைடு நாளுக்கு நாள் மாறும், ஒரு மாதிரி எடுத்து ஒண்ணும் ஆகாது. சின்ன கடத்துத்திறன் மீட்டரைக் கையில வெச்சிருங்க. போர் தண்ணியைவிட காவிரித் தண்ணியில உப்பு குறைவு, கலப்பு உடனே தெரிஞ்சுடும்.

பல்லை வகுப்பறையில வரிசையா நிக்க வெச்சுப் பாக்காதீங்க. பெண் பிள்ளைங்க வாயைக் கையால மூடிக்கும். கல்யாணப் பேச்சுல காவிப் பல் ஒரு குறையாப் பேசப்படற ஊர்கள் அவை. தனி இடம், கூட அம்மாவோ ஆசிரியையோ.

பதில்: சராசரி

400 போதுமா என்ற கேள்விக்கு. இருபது ஊர், ஊருக்கு இருபது என்று எடுத்தால் போதாது. காரணம் எண்ணிக்கை இல்லை, அடுக்கிய விதம்.

ஒரே தொட்டித் தண்ணீர் குடிக்கும் 20 பிள்ளைகள் புள்ளியியல் கண்ணுக்கு 20 பேர் இல்லை. குழுவாக எடுப்பதால் மாதிரியின் பலம் எத்தனை மடங்கு குறைகிறது என்பதுதான் வடிவமைப்பு விளைவு = 1 + (m − 1)ρ. m ஒரு குழுவில் எத்தனை பேர், ρ குழுவுக்குள் இருக்கும் ஒற்றுமை. தண்ணீர் பொதுவாக இருப்பதால் இங்கே ρ அதிகம். 0.5 என்று வைத்துப் பாருங்கள் (இது கணக்குக்காக எடுத்த எண், உங்கள் முன்னோட்ட ஆய்வில் வருவதைப் போட்டுக்கொள்ளுங்கள்):

20 ஊர் × 20 பேர்: விளைவு 10.5, பயனுள்ள எண்ணிக்கை 38.
50 ஊர் × 8 பேர்: விளைவு 4.5, பயனுள்ள எண்ணிக்கை 89.
80 ஊர் × 5 பேர்: விளைவு 3, பயனுள்ள எண்ணிக்கை 133.

மூன்றிலும் பிள்ளைகள் 400தான். உங்கள் இரண்டு துறைகளின் சண்டைக்கும் பதில் இதிலேயே இருக்கிறது: தண்ணீர் மாதிரியைக் கூட்டுங்கள், ஊருக்கான பேட்டியைக் குறையுங்கள், ஆனால் ஒவ்வொரு பேட்டியும் ஆழமாகட்டும். குழு என்பது ஊர் அல்ல, தண்ணீர் ஆதாரம் என்பதையும் கவனியுங்கள். கடினப் பாறையில் ஒரு போருக்கும் சில நூறு மீட்டர் தள்ளி இருக்கும் இன்னொரு போருக்கும் வேறு வேறு விரிசல், வேறு வேறு ஃபுளோரைடு. ஊருக்கு ஒரு அடிபம்பு என்ற உங்கள் திட்டம் இதனாலும் நிற்காது.

அதற்கு முன்னால் ஒன்றைத் தீர்மானியுங்கள். மாவட்டத்தில் எத்தனை சதவீதப் பிள்ளைகளுக்குப் பாதிப்பு என்பது கேள்வியா? ஃபுளோரைடு ஏற ஏறப் பாதிப்பு எப்படி ஏறுகிறது என்பது கேள்வியா? முதலாவது என்றால் மக்கள்தொகை விகிதப்படி ஊர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும், 2011 கணக்கெடுப்பு ஊர்ப் பட்டியலை வைத்து ஊரைத் தேர்ந்து, ஊருக்குள் வீட்டுப் பட்டியலைப் புதிதாக எடுக்க வேண்டும். இரண்டாவது என்றால் அதெல்லாம் தேவையே இல்லை. முதல் சுற்றில் 80 ஊர் ஆதாரங்களில் வெறும் தண்ணீர் மட்டும் அளந்து, 1க்குக் கீழ், 1 முதல் 1.5, 1.5 முதல் 3, 3க்கு மேல் என்று நான்கு அடுக்காக்கி, ஒவ்வொன்றிலும் சமமாக எடுங்கள். 1ம் 1.5ம் இந்தியத் தர நிர்ணயத்தின் ஏற்கத்தக்க அளவும், வேறு ஆதாரம் இல்லாதபோது அனுமதிக்கும் அளவும்.

டீன் மதிப்பெண் வரிசை அளவு (படிகளுக்கு இடையே சம இடைவெளி இல்லை), வழக்கமான பியர்சன் ஒட்டுறவு அதற்குப் பொருந்தாது. படிநிலை மதிப்பெண்ணுக்கான வரிசை லாஜிஸ்டிக் மாதிரியைப் பயன்படுத்துங்கள், ஒவ்வொரு நீர் ஆதாரத்துக்கும் தனி அடிமட்டம் இருக்கட்டும் (சமவாய்ப்பு வெட்டு). ஆர்.ஓ. இயந்திரம் இருக்கிறதா என்ற மாறியை அந்தப் புள்ளியியல் மாதிரிக்குள் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். மூத்த பிள்ளையின் பல் காவியானதைப் பார்த்துத்தான் பல வீடுகள் ஆர்.ஓ. வாங்கும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்க்கும் குறுக்குவெட்டு ஆய்வில் "ஆர்.ஓ. இருக்கும் வீட்டில் பாதிப்பு அதிகம்" என்று வந்து நிற்கும்.

கேள்வி கேட்டவர்: கல்லாறு

எல்லோருக்கும் நன்றி. கேள்வி இரண்டாவது வகைதான், சதவீதம் இல்லை. 80 ஆதாரம், ஆதாரத்துக்கு 5 பேர் என்று மாற்றுகிறேன். ஆனால் வெண்பல் சொன்னது உறுத்துகிறது. பழைய தண்ணீரை இப்போது எப்படி அளப்பது? மழைக்கு முன், மழைக்குப் பின் என்று இரண்டு சுற்று போகவும் பணம் இல்லை.

பதில்: சோதனைக்குழாய்

பழைய தண்ணீர் பெரும்பாலும் அதே போரில் இன்னும் இருக்கிறது. ஒகேனக்கல் வந்தபின் குடிக்காமல் விட்டு, மாடு குளிப்பாட்டவும் பாத்திரம் கழுவவும் பயன்படுத்தும் போர்தான் உங்கள் வெளிப்பாட்டு அளவுகோல். இன்று குடிக்கும் குழாயை மட்டும் அளந்துவிட்டு வராதீர்கள், பேட்டியில் அம்மா கைகாட்டும் அந்தப் பழைய போரையும் பிடியுங்கள். மூடிப்போன போர் என்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பழைய ஆய்வக அறிக்கைகளையும், மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் கண்காணிப்புக் கிணற்றுத் தரவுகளையும் கேளுங்கள். பக்கத்துக் கிணற்றின் எண்ணை இந்தப் போருக்கு ஏற்றும்போது அது ஊகம் என்று தனி நெடுவரிசையில் குறித்துவையுங்கள்.

ஒரே சுற்று என்றால் மே மாதம். மழை கலக்காத காலம், மத்திய வாரியத் தரவும் பெரும்பாலும் மழைக்கு முந்தையது, ஒப்பிட வசதி. பத்து ஆதாரங்களில் மட்டும் ஜனவரியில் திரும்பப் பிடித்துப் பருவ மாற்றம் எவ்வளவு என்று காட்டினால் போதும்.

பதில்: வெண்பல்

வயதையும் மாற்றுங்கள். ஒரே ஊரில் தண்ணீர் மாறுவதற்குக் குறைந்தது 3 வருஷம் முன்னால் பிறந்தவர்கள், மாறிய பின் பிறந்தவர்கள் என இரண்டு அணி எடுத்தால், ஊரின் பாறை, சாப்பாடு, டீ எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், தண்ணீர் மட்டும் வேறு. அக்கா தங்கை ஜோடி கிடைத்தால் இன்னும் நல்லது. இளைய அணிக்கு முன்பல் முழுதாக முளைத்திருக்க வேண்டும், 9 வயதுக்குக் கீழே போகாதீர்கள். மூத்த அணி 18 தாண்டியிருந்தால் பள்ளியில் கிடைக்க மாட்டார்கள், வீட்டுப் பட்டியலிலிருந்துதான் தேட வேண்டும். 18 நிறைந்தவர்கள் தாங்களே ஒப்புதல் தரலாம்.

பதில்: திண்ணை

நெறிமுறைக் குழு ஒப்புதல் களத்துக்கு முன்னாடியே. வேதியியல் துறைங்கறதால "தண்ணி மாதிரிதானே"ன்னு விட்டுடாதீங்க, பிள்ளை வாயைத் திறந்து பாக்கறீங்க, அது மனித ஆய்வு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல்படி பெற்றோர் ஒப்புதல் போக, 7 வயசுல இருந்து பிள்ளையோட சம்மதமும் வேணும். 12 வரைக்கும் வாய்ச்சொல், அதுக்கு மேல எழுத்துல. படிவம் தருமபுரிப் பேச்சுத் தமிழ்ல இருக்கட்டும்.

1.5 தாண்டின போர் எதுன்னு தெரிஞ்ச அன்னைக்கே அந்த வீட்டுக்கும் பஞ்சாயத்துக்கும் சொல்லிடணும். ஆய்வேடு முடியற வரைக்கும் எண்ணைப் பையில வெச்சிருக்கக் கூடாது. சொல்லும்போதே "கொதிக்க வெச்சுக் குடிங்க"ன்னு யாரும் வாய் தவறிச் சொல்லிடாம பாத்துக்கங்க. கொதிச்சா தண்ணிதான் வத்தும், ஃபுளோரைடு அப்படியே இருக்கும், பாதியா வத்தினா செறிவு ரெண்டு மடங்கு.